சுங்கச் சாவடியில் பொங்கின சீர்

என் அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. எனக்கும் கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் இப்படி வாய்த்தால் வீட்டுக் கூரை எப்படி நிற்கும் என்று அப்பா அடிக்கடி கேட்பார். கூரை நின்றது. அப்பாவின் காதுதான் பாதி போயிற்று.

எனக்குப் பால்பல் விழுகிற வயதில் அம்மா தவறிவிட்டாள். அண்ணனுக்கு அப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தலை பின்னிவிட்டது அவன்தான். பின்னினான் என்றா சொல்வது, வைக்கோல் பிரி திரிக்கிற மாதிரி திரித்தான். ஒரு சடை காதுக்கு மேலே நிற்கும், இன்னொன்று பிடரியில் தொங்கும். பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள் என்று நான் அழுதால், "கோணல் உன் தலையிலடி, என் கையில இல்ல" என்பான். ஆனால் சிரித்த பிள்ளைகளின் வீட்டு வாசலுக்குப் போய் அவர்களுடைய அப்பன்மாரோடு மல்லுக்கு நின்றுவிட்டும் வருவான். அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. சடை கோணலாகவேதான் இருந்தது.

ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரனுக்குத் தேசியத் திருநாள், அது வந்தால் காரைக்காலில் வாணவேடிக்கை விடுவான். அம்பகரத்தூர்ப் பக்கத்திலிருந்து என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அவ்வளவு தூரம் மிதித்துக்கொண்டு போவான். அங்கே வழுக்குமரம் நட்டிருப்பார்கள். வருஷா வருஷம் ஏறுவான், வருஷா வருஷம் சறுக்குவான். உடம்பெல்லாம் எண்ணெயும் மண்ணுமாக வந்து நின்று, "போன வருஷத்தைவிட ஒரு முழம் மேலே ஏறினேன், பாத்தியா இல்லியா?" என்று என்னையே அதட்டுவான். பார்த்தேன் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வருகிற வழியெல்லாம் பேசமாட்டான்.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சில வருஷம் உட்கார்ந்ததில் அவனுக்கு உருப்படியாக வந்தது "மெர்சி முசே" மட்டும்தான். நன்றி ஐயா என்று அர்த்தம். அதை அவன் நன்றி சொல்லப் பயன்படுத்தி நான் கண்டதில்லை. யாரையாவது சீண்டத்தான் சொல்வான்.

சீண்டுவதற்கு வசதியாக எல்லையில் ஒரு சுங்கச் சாவடி வந்து சேர்ந்தது. இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்டது, எங்கள் பக்கம் மட்டும் பிரெஞ்சுக்காரன் கையிலேயே இருந்தது. எங்கள் வீடு பிரெஞ்சு எல்லைக்குள். எங்கள் நிலத்தில் ஒரு பகுதி வாய்க்காலுக்கு அப்பால், இந்திய எல்லையில். கப்பலில் வருகிற சீமைச் சாமான் காரைக்கால் வழியாக உள்ளே கடத்தப்படுகிறது என்று இந்தியக்காரர்கள் சாலையின் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு, கீற்றுக் கொட்டகையும் போட்டுவிட்டார்கள். களையெடுக்கப் போகிறவர்களின் மடியையும் உதறிப் பார்த்தார்கள்.

அங்கே பெரிய ஆபீசர் மேற்கே சேலம் பக்கத்து ஆள். கெடாமீசைக்காரர். அண்ணன் அப்பால் இருந்த வயலுக்குப் போகும்போதெல்லாம் அவனுடைய தூக்குவாளியைத் திறக்கச் சொல்வார். ஒருநாள் அண்ணன் தூக்குவாளியை அவர் மேசை மேலேயே வைத்தான். "நல்லா கையை விட்டுக் கிளறிப் பாருங்க சார். அடியில ரெண்டு வெங்காயம் கிடக்கு. பாரிசுலேருந்து வந்தது." பழைய சோற்றுத் தண்ணீர் மேசையில் ஒழுகியது. மீசைக்காரர் முறைத்தார். "மெர்சி முசே" என்று கும்பிடு போட்டுவிட்டு வந்தான். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த மீசைக்காரர் கையில்தான் என் கல்யாணமே வந்து மாட்டப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்த அன்றைக்கே எனக்குச் சீர் சேர்க்க ஆரம்பித்தவள் அவள். அறுவடைக்கு ஒரு பாத்திரம் என்று கும்பகோணத்திலிருந்து வரும். வெண்கலப் பானை, பித்தளைத் தவலை, அண்டா, குடம், தாம்பாளம், குத்துவிளக்கு. எல்லாவற்றையும் வைக்கோல் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவாள். "இதுல முதல் உலை என் பொண்ணு கையாலதான் ஏறணும். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது" என்பது அவள் உத்தரவு. அவள் போன பிறகு அப்பா அந்த உத்தரவை வேதமாக வைத்துக் காப்பாற்றினார். அறுவடைக்கு ஒன்று வருவதும் நிற்கவில்லை. ஒருநாள் விளையாட ஒரு சொம்பை இறக்கினேன் என்று அண்ணன் என் காதைத் திருகியது இன்னும் வலிக்கிறது.

என்னைக் கேட்டு வந்த இடம் எல்லைக்கு அந்தப் பக்கம், நடந்தே போகிற தூரம். மாப்பிள்ளை நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா எப்படி என்று கேட்டால் எல்லோரும் பேச்சை மாற்றினார்கள். வெற்றிலை பாக்கு மாற்ற வந்த அன்று எனக்குக் காரணம் புரிந்தது. கூடத்தில் உட்கார்ந்து பேசினால் கொல்லைப்புறத்தில் மாடு மிரளும், அப்படி ஒரு குரல்.

"தாயில்லாப் பொண்ணு. கொறை சொல்லணும்னே நாலு பேரு காத்துக்கிட்டு இருப்பாங்க. சீரு ஊரறிய வரணும். வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தா நான் ஆலாத்தி எடுக்கமாட்டேன், இப்பவே சொல்லிப்புட்டேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான், சும்மா இரு என்று. அவன் என்னைச் சும்மா இருக்கச் சொன்னது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டுவதற்கு முந்தின வருஷம், ஆவணி மாதம் கல்யாணம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில் தாலிகட்டு. முந்தின நாளே பெண்ணும் சீரும் கிளம்பிப் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். சீரை மூடி எடுத்துப்போகிற பழக்கம் கிடையாது. மூடினால், என்னத்தை மறைக்கிறார்கள் என்று ஊர் கேட்கும். ஆகையால் ஒவ்வொன்றையும் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, வண்டியில் அடுக்கி, முன்னால் மேளமும் நாதஸ்வரமும் முழங்கப் புறப்பட்டோம். வெயிலில் பாத்திரம் கண்ணைக் கூசவைத்தது. அரை மைல் தள்ளி வருகிறவனுக்கும் அது சீர் வண்டி என்று தெரியும். மீசைக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? கட்டை இறங்கியே இருந்தது.

"பொண்ணு போகலாம். ஜனங்க போகலாம். பாத்திரம் போகாது" என்றார் அவர். "எல்லாம் புத்தம் புதுசு. பிரெஞ்சு எல்லையிலிருந்து வர்ற புதுச் சாமானுக்கு நாகப்பட்டினத்துல பர்மிட் வாங்கணும்."

"ஐயா, இதெல்லாம் கும்பகோணத்துச் சாமானுங்க" என்றார் அப்பா. "உங்க பக்கத்துலேருந்து வந்ததுதானுங்க."

"வந்தது அப்போ. இப்போ இது வெளிநாட்டுச் சாமான்."

கேட்டீர்களா நியாயத்தை! கும்பகோணத்தில் தட்டிச் செய்த தவலை எங்கள் பரணில் படுத்துக் கிடந்த பாவத்துக்குச் சீமைத் தவலை ஆகிவிட்டது. நாகப்பட்டினம் போய் பர்மிட் வாங்கி வருவதற்குள் முகூர்த்தம் போய்விடும்.

கட்டைக்கு அந்தப் பக்கம் எங்களை எதிர்கொண்டு அழைக்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். நடுவில் ஆலாத்தித் தட்டோடு என் மாமியார். நடந்த பேச்சு அவருக்குக் கேட்டுவிட்டது. அவர் பதில் சொன்னது இரண்டு தேசத்துக்கும் கேட்டது.

"சீரை அங்க வுட்டுட்டுப் பொண்ணை மட்டும் அனுப்புவாங்களா? ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது? வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்து சேரட்டும். இல்லேன்னா இந்தத் தட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிருவேன்."

அப்பா சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "உங்கம்மா இருந்திருந்தா..." என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. வண்டியிலிருந்து குதித்து அந்தக் கட்டையை ஒரு உதை விட வேண்டும் போல இருந்தது. கட்டியிருந்த பட்டுப்புடவைதான் தடுத்தது.

எல்லோரும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். கை நீட்டிவிடுவான் என்று பயம். அவனோ கைகளை விடுவித்துக்கொண்டு, மீசைக்காரர் முன்னால் போய்ப் பணிவாக நின்றான். அண்ணன் பணிவாக நின்றால்தான் பயப்பட வேண்டும் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"சார், பழைய சாமான்னா விட்டுருவீங்களா?"

"வீட்டுல புழங்கின சாமானை எதுக்குப்பா நிறுத்தறேன்? சாப்பாட்டுச் சாமானையும் நிறுத்த மாட்டேன்."

"புழங்கினதுன்னு எப்படிங்க சார் கண்டுபிடிப்பீங்க?"

"அடியில கரி இருக்கும். இது தெரியாதா?"

"மெர்சி முசே" என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். வண்டியைத் திருப்பி, சாவடிக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் கரையிலேயே நிறுத்தினான். மாட்டை அவிழ்த்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மண்வெட்டி கொண்டாங்க! வேலிக்கருவை வெட்டுங்க! அடுப்புக்குக் கல்லு பாருங்க!" என்று கத்த ஆரம்பித்தான். ஊர் கூப்பிடு தூரம்தான். பால் வந்தது, நெய் வந்தது, விறகு வந்தது. அரிசியும் பருப்பும் வெல்லமும் சீர்த் தட்டிலேயே இருந்தன. யாரோ ஒரு சித்தப்பா, புளியோதரை போடலாம் என்றார். "ஈயம் பூசாத பித்தளையில புளியா? நாளைக்குக் கல்யாணக் கூட்டம் பூரா கொல்லைப்பக்கம்தான் இருக்கும்" என்று அண்ணன் அவரை விரட்டினான். "பொங்கல்! வெண்கலப் பானையில சர்க்கரைப் பொங்கல். ஈயம் பூசின தவலையில வெண்பொங்கல். அண்டாவுல வெந்நீர். ஒண்ணும் சும்மா இருக்கப்படாது!"

அப்பா பதறி எழுந்து வந்தார். "டேய், உங்கம்மா சேத்து வச்சதுடா! மூளியாக்கிடாதடா!"

"அம்மா எதுக்குப்பா சேத்து வச்சாங்க? பரண்ல அடுக்கிப் பாக்கறதுக்கா, பொங்கித் திங்கறதுக்கா?"

"முதல் உலை உன் தங்கச்சி கையாலதான்னு சொன்னாளேடா..."

அண்ணன் ஒரு நொடி நின்றான். அந்த முரட்டு முகத்தில் அப்போது வந்ததை என்னால் எழுத முடியாது. வண்டியருகே வந்து எனக்குக் கை கொடுத்தான்.

"எறங்குடி. அம்மா சொன்னது எனக்கு மறந்துபோச்சுன்னு நெனைச்சியா? நீதான் பத்த வைக்கணும்."

பட்டுப்புடவையும் நகையும் மாலையுமாக வண்டியிலிருந்து இறங்கி, வாய்க்கால் கரை மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்மா வாங்கி வைத்த வெண்கலப் பானையின் கீழே நான் அடுப்பு பற்றவைத்தேன். என் கல்யாணத்தில் அக்கினியை நான் கண்டது முதலில் அங்கேதான். ஓர் அத்தை ஓடிவந்து, கரி பிடிக்காமல் இருக்கப் பானையின் அடியில் மண் பூசிவிடுகிறேன் என்றாள், எப்போதும் செய்கிற பழக்கத்தில். "ஐயோ அத்தை, கரி பிடிக்கத்தானே இந்தப் பாடு!" என்று அண்ணன் அவள் கையைப் பிடித்துத் தடுத்தான். கூட்டமே சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். ஈர விறகு வேறு, கரி பிடிப்பதற்குக் கேட்கவா வேண்டும்!

மேளக்காரர்கள் சும்மா இருப்பானேன் என்று வாசித்தார்கள். வெள்ளைப் புகை எல்லை தாண்டிப் போயிற்று. கட்டைக்கு அந்தப் பக்கம் மாமியார் தட்டை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, எட்டி எட்டிப் பார்த்தார். வேகமாகப் பொங்கட்டும் என்று நான் அடுப்புக்குள் விறகைத் தள்ளினேன். சூரியன் இறங்கிக்கொண்டே இருந்தது. அம்பகரத்தூர் அம்மனை நான் அன்று கூப்பிட்ட கூப்பாட்டுக்கு அவள் நேரிலேயே வந்து ஊதியிருக்க வேண்டும்.

பால் மேலே வந்தது. நுரை விளிம்பில் நின்றது, நின்றது, பிறகு சரிந்து வழிந்தது. வடக்கே பார்த்து வழிந்தது, மாப்பிள்ளை ஊர் இருக்கிற திசையில். "பொங்கலோ பொங்கல்!" என்று அண்ணன் போட்ட சத்தத்துக்கு எங்கள் கூட்டம் மொத்தமும் சேர்ந்து கத்தியது. கட்டைக்கு அந்தப் பக்கமிருந்தும் குலவைச் சத்தம் எழுந்தது. பொங்கும்போது குலவை போடாமல் இருக்க எந்தப் பெண்ணுக்கு முடியும்? மாமியாரும் வாய் திறந்தார், நான் பார்த்தேன்.

மற்றதெல்லாம் நொடியில் நடந்தது. குடங்களில் வாய்க்கால் தண்ணீர் நிரப்பினார்கள். தாம்பாளங்களில் தேங்காய் உடைத்துப் பழத்தோடு வைத்தார்கள். "வெளக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "எரிஞ்சா அது புழங்கின வெளக்கு!" என்று அண்ணன் எண்ணெய் விட்டுத் திரி போட்டு, அடுப்பிலிருந்து நெருப்பெடுத்து ஏற்றி என் கையில் கொடுத்தான். பெரிய விளக்கின் கனம் கையை இழுத்தது. அவன் என் பக்கத்தில் துண்டை விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டே வந்தான்.

மீசைக்காரர் வெண்கலப் பானையின் அடியில் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் கன்னங்கரேல் என்று ஆயிற்று. பானையை மூடியிருந்த தட்டைத் தூக்கிப் பார்த்தார். ஆவி முகத்தில் அடித்தது. அவருடைய மீசை துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தோம். மனிதர் அடக்கிப் பார்த்து முடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"புழங்கின சாமான்தான். போகலாம்" என்றார்.

கட்டை மேலே போயிற்று. அண்ணன் போகிறபோக்கில் அவர் கையில் ஒரு வாழையிலை நிறையப் பொங்கலை வைத்துவிட்டுப் போனான். அன்று அவன் சொன்ன "மெர்சி முசே"யில் மட்டும் கேலி இல்லை.

எல்லாம் சரிதான், அந்தப் பக்கம் நின்றது மீசைக்காரரைவிடப் பெரிய ஆபீசர் அல்லவா? மாமியார் இடுப்பில் கைவைத்து வண்டியைச் சுற்றி வந்தார்.

"என்ன தம்பி இது? சீரு கேட்டா, கரிச்சட்டி பானையா கொண்டாந்திருக்கீங்க?"

"அத்தை, நல்லாப் பாருங்க" என்றான் அண்ணன். "வெறும் பாத்திரத்தைப் பளபளன்னு அடுக்கிக்கிட்டு வர்றது யாரு வேணும்னாலும் செய்வாங்க. எங்க வீட்டுப் பொண்ணு நிறைபாத்திரத்தோட வந்திருக்கா. பொங்கினதை உங்க கண்ணாலயே பாத்தீங்க. கரி வேணாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, பொங்கலைக் கொட்டிப்புட்டு இப்பவே தேய்ச்சுக் கொண்டாறோம்."

"ஐயையோ! பொங்கினதைக் கொட்டுறதாவது! நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு தம்பி இது!" என்று மாமியார் பதறிப்போனார். பதறின பிறகுதான், தான் மாட்டிக்கொண்டது அவருக்கே புரிந்திருக்க வேண்டும். அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். ஆலாத்தித் தட்டை வாங்கினார். எனக்குச் சுற்றினார். பிறகு தட்டிலிருந்த குங்குமத்தை விரலில் தொட்டு, பானையில் கரி படிந்திருந்த இடத்தின் மேலேயே அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தார்.

விளக்கு அணையவில்லை. எரிகிற விளக்கோடு நான் அந்த வீட்டு வாசற்படி ஏறினேன். உள்ளே மாடத்தில் விளக்கேற்றத் தீப்பெட்டி தேவைப்படவில்லை. இன்றைக்குக்கூட அதை நினைத்தால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடுகிறது. அந்த வட்டாரத்தில் ராஜா வீட்டுப் பெண்ணுக்கும் அப்படி ஒரு வரவு வாய்த்திருக்காது.

மாமியார் இருந்தவரை அந்தப் பானையின் அடிக்கரியைத் தேய்க்க யாரையும் விட்டதில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதையைச் சொல்வார். கேட்டால் யோசனையே அவர் சொன்னதுபோல இருக்கும். போகட்டும், நான் திருத்தவில்லை.

அடுத்த வருஷமே பிரெஞ்சுக்காரன் போய்விட்டான். கட்டையைப் பிடுங்கிப் போட்டார்கள். அண்ணன் அதைக் கேட்டு வாங்கிப்போய் மாட்டுக்கொட்டகைக்கு உத்தரமாகப் போட்டுக்கொண்டான். "இத்தினி நாளு நம்மள நிறுத்திச்சு, இனிமே நம்ம கூரையை நிறுத்தட்டும்" என்றான்.

எனக்குப் பொங்கல் சீர் கொண்டுவர அவன் ஒரு வருஷமும் தவறினதில்லை. வெறும் அரிசியும் வெல்லமும் கரும்பும் கொடுத்துவிட்டுப் போகிற சீர் இல்லை அது. வீட்டில் பொங்கி, பாத்திரத்தோடு சுடச்சுடக் கொண்டுவருவான். சாவடி இருந்த இடத்தில் வண்டியை நிறுத்துவான். அவனை எதிர்கொண்டு ஓடுகிற என் பிள்ளைகள் முன்னால் மீசையை முறுக்கிக்கொண்டு, தட்டைத் தூக்கிப் பார்த்து, பானையில் விரலைத் தேய்த்து, "புழங்கின சாமான்தான். போகலாம்!" என்பான். பிறகு கரி விரலால் பிள்ளைகளுக்கெல்லாம் மீசை வரைந்துவிடுவான். கிழவனான பிறகும் விடவில்லை. கடைசி வருஷம் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி அதைச் செய்தான்.

அவன் கண்ணை மூடின வருஷமும் பொங்கல் வந்தது. துக்க வீடு, அண்ணி அடுப்பில் பானை ஏற்ற மாட்டாள். பிறந்த வீட்டிலிருந்துதான் பெண்ணுக்குச் சீர் வரும், பெண் எடுத்துக்கொண்டு போகிற வழக்கம் கிடையாது. எல்லாம் எனக்கும் தெரியும். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். "என் அண்ணன் வீட்டுல பொங்கல் இல்லாம இருந்துருமா? வழக்கம் சொல்ல வந்துட்டீங்க, போங்க வேலையைப் பாத்துக்கிட்டு!" என்று சத்தம் போட்டுவிட்டு, அந்த வெண்கலப் பானையை இறக்கினேன். பொங்கினேன். நிறைய நிறையப் பொங்கினேன்.

என் பெரிய மகன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். வாய்க்கால் கரை வந்ததும் நிறுத்தச் சொன்னேன். அங்கே கட்டையும் இல்லை, கொட்டகையும் இல்லை, வயல்தான்.

"ஏம்மா, என்ன மறந்துட்டு வந்துட்ட?" என்றான்.

"ஒண்ணும் மறக்கல. சாமானைப் பாக்கணும்."

இறங்கி, பின்கதவைத் திறந்து தட்டைத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. பானையின் அடியில் விரலை வைத்துத் தேய்த்தேன். கன்னங்கரேல் என்று ஒட்டியது. சாலையில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்குக் கவலை இல்லை. என் மாமியார் குரலை இரவல் வாங்கினாற்போல வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கச் சொன்னேன்:

"புழங்கின சாமான்தான். போகலாம்!"

பெரியவன் முகத்தை என் பக்கம் நீட்டினான். தலை நரைக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அந்தக் கரி விரலால் ஒரு மீசை வரைந்துவிட்டேன். பொங்கல் ஆறுவதற்குள் அண்ணன் வீடு போய்ச் சேர்ந்தோம்.